மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லாத ஜும்மாய்

ஜும்மாய் தன் மகளின் பெயரை நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். ரக்கியா பரீட்சை எழுதினாள், ரக்கியா தலைமயிரைக் கத்தரித்துவிட்டாள், ரக்கியா சொல்வழி கேட்கிறாள் இல்லை. மூத்த பிள்ளையான மகனைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டி வந்தால் மட்டும் முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பி, 'அந்த ஆள்' என்பாள். அந்த ஆளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. அந்த ஆள் வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகரத்துக்குப் போய்விட்டான். சொல்லும்போது குரலும் மாறிவிடும். மின்சாரக் கட்டணம் வந்திருக்கிறது என்று சொல்கிற குரல் அது.

இதை நான் பல வருடங்களாகக் கவனித்து வந்தேன். கவனிப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே கலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது, வாய் திறந்து கதைக்கும் பழக்கம் அதற்கு முன்பே நின்றுவிட்டது. கொண்டாட்டங்களில் கோட்டுகள் தொங்கும் மூலையில்தான் நிற்பேன். என்னையும் ஒரு கோட்டு என்று நினைத்து யாரோ ஒருவர் தன் சால்வையை என் தோளில் போட்டுவிட்டுப் போனதும் உண்டு. அதை நான் விழா முடியும்வரை பத்திரமாக வைத்திருந்தேன். ஆனாலும் கதைக்காதவளுக்குக் கண் கூர்மை என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமைக்கு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துத்தான் ஜும்மாயின் கதையைச் சொல்ல வேண்டும்.

ஜும்மாய் நைஜர் நாட்டில் ஸிண்டர் என்ற ஊரில் பிறந்தவள். வெள்ளிக்கிழமை பிறந்த பெண்ணுக்கு அங்கே வைக்கிற பெயர் ஜும்மாய். பேசுவது ஹவுஸா மொழி. இரண்டு சின்னப் பிள்ளைகளோடு ஒஸ்லோவுக்கு வந்தாள், கொஞ்சக் காலத்தில் கணவர் இறந்துபோனார். அதன் பிறகு ஒரு முதியோர் இல்லத்தின் நிலக்கீழ்ச் சலவை அறையில் வேலைக்குச் சேர்ந்தாள். நான் அங்கே ஏற்கெனவே இருந்தேன்.

படுக்கை விரிப்பு மடிப்பது இருவர் சேர்ந்து செய்யும் வேலை. ஆளுக்கு இரண்டு நுனியாகப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நிற்க வேண்டும், ஒரு உதறல், பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து நுனிகளைச் சேர்க்க வேண்டும். ஒரு நாளில் அவளை நோக்கி நான் நடந்த தூரத்துக்கு என் வீட்டுக்காரரை நோக்கி என் ஆயுளில் நடந்திருக்க மாட்டேன். நாங்கள் இருவரும் பேசிக்கொள்வது நோர்வேஜிய மொழி. அவளுடையது ஒரு பக்கம் உடைந்தது, என்னுடையது மறுபக்கம் உடைந்தது, இரண்டையும் சேர்த்தால் ஒருவாறு முழுசாகும். இங்கே அதை என் தமிழில் எழுதுகிறேன்.

மகளுக்குப் பெயர் உண்டு, மகனுக்கு இல்லை. அவனைப் பற்றிக் கேட்டால் முகத்தைத் திருப்புகிறாள். அவன் படம் ஒன்றும் தொலைபேசியில் இல்லை. கூர்மையான கண்ணுள்ள நான் இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தேன். பையன் மறியலில் இருக்கிறான். துரொண்ட்ஹெய்ம் என்று அவள் சொல்வதெல்லாம் அங்கேயுள்ள சிறைச்சாலையைத்தான்.

பாவப்பட்டு, முருகன் கோவிலில் அவனுக்கு ஒரு அர்ச்சனையும் செய்வித்தேன். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். எனக்கு இரண்டும் தெரியாது. சமயமும் வேறு என்று சொல்லத் துணிச்சல் வரவில்லை. பக்கத்தில் நின்ற என் மகள் சுஜானிக்குக் கோபம்.

"அம்மா, பேர் தெரியாத ஆளுக்கு என்னெண்டு அர்ச்சனை செய்யிறது?"

ஐயர் நல்லவர், சுவாமி பெயருக்கே செய்து விடுவோம் என்றார். அடுத்தது என் வீட்டுக்காரருக்கு. அவர் பெயரைச் சொல்வது எப்போதும் சுஜானியின் வேலை. "சோதிலிங்கம், உத்தரட்டாதி" என்றாள் அவள். அந்தப் பெயரை இங்கே எழுதித் தந்ததும் அவள்தான், எனக்குக் கை வராது. கல்யாணமாகி முப்பது வருடத்துக்கு மேலாகிறது, நான் ஒரு தடவைகூட அதைச் சொன்னதில்லை. வீட்டில் 'இஞ்சேருங்கோ', வெளியில் 'சுஜானியின்ரை அப்பா'. வைத்தியரிடம் அவருக்கு நேரம் எடுக்கத் தொலைபேசியில் அழைத்தால், பெயர் கேட்டவுடன் பிறந்த திகதியைச் சொல்லித் தப்பிவிடுவேன்.

இரண்டு அர்ச்சனையும் ஒரே தட்டில் நடந்தன. இரண்டுக்கும் இடையில் ஒரு சம்பந்தமும் எனக்குத் தென்படவில்லை. அவ்வளவு கூர்மை என் கண்.

பிறகு ஒரு நாள், அந்த ஆளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று ஜும்மாய் சொன்னாள். மனைவி சோஃபி, இங்கிலாந்துக்காரி, துரொண்ட்ஹெய்ம் பல்கலைக்கழகத்தில் வேலை. ஜும்மாய் ரயிலேறிப் போய் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்தாள். பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்த முகமாக அது இல்லை. மறியலில் இருப்பவனுக்கு எப்படிப் பிள்ளை என்று நான் ஒரு பக்கம் குழம்பிக்கொண்டிருந்தேன். அவள் விரிப்பின் மறு நுனியில் நின்று நடந்ததைச் சொன்னாள்.

சோஃபி கட்டிலில் இருந்தபடி குழந்தையை நீட்டியிருக்கிறாள். ஜும்மாய் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு, யன்னலோரக் கதிரையில் போய் இருந்து வாகனத் தரிப்பிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். போகும்வரை பிள்ளையைத் தொடவில்லை. சோஃபி அன்றிரவு அழுதாளாம். ரக்கியா சொல்லித்தான் தெரியும்.

ஏன் தொடவில்லை என்று கேட்டேன்.

"அந்த ஆள் நிண்டவன்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் சொன்னவற்றை நான் நுனிகளைச் சேர்க்க மறந்து கேட்டேன். அவளுடைய ஆட்களிடம் தாய் தன் முதற்பிள்ளையின் பெயரைச் சொல்ல மாட்டாள். மற்றவர்கள் முன்னால் கொஞ்ச மாட்டாள், அவன் முன்னால் உருக மாட்டாள். குன்யா என்பார்களாம், நம்முடைய கூச்சமும் மரியாதையும் சேர்ந்த ஒன்று. முதற்பிள்ளையில்தான் ஆசை அதிகம், ஆகவே அதைத்தான் அதிகம் மறைக்க வேண்டும். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது மாமியார்தான் தூக்கித் திரிந்தார். எல்லோரும் நித்திரையான பிறகு இவள் எழுந்து போய்ப் பார்ப்பாள். மருமகள் முன்னாலும் அதே கூச்சம். மகனும் மருமகளும் நிற்கிற அறையில் அவர்களுடைய பிள்ளையைத் தூக்கி முத்தமிடுவது, தெருவில் உடுப்பைக் கழற்றுவது மாதிரி இருந்ததாம் அவளுக்கு.

அப்படியென்றால் அவன் மறியலில் இல்லையா என்று கேட்க வாய் வந்தது. நல்ல வேளை, விழுங்கிவிட்டேன்.

உனக்கு விளங்காது என்றாள் ஜும்மாய். விளங்கும் என்றேன். பிறகு, என் வாழ்க்கையில் யாருக்கும் சொல்லாத ஒன்றை, யாரும் கேட்காததாலும் சொல்லாத ஒன்றை, அவளுக்குச் சொன்னேன். வீட்டுக்காரரின் பெயர் விஷயம்.

அவள் விரிப்பைக் கைவிட்டாள். அது நிலத்தில் விழுந்தது, திரும்பவும் தோய்க்க வேண்டியதாகிவிட்டது.

"இரி டயா" என்றாள். ஒரே வகை என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த முதல் ஹவுஸா வார்த்தைகள் அவை.

ஆனால் எங்கள் இருவருக்கும் விளங்கி என்ன பயன்? விளங்க வேண்டியது சோஃபிக்கு. மகன் சொல்லியிருக்கலாம். ஆனால் 'என் அம்மாவுக்கு என்னில் மிகுந்த ஆசை, அதனால்தான் பெயரைக்கூடச் சொல்வதில்லை' என்று எந்த ஆம்பிளை மனைவியிடம் சொல்லுவான்? அவனுக்கும் அந்தக் கூச்சம் வந்திருந்தது. ரக்கியா எழுதிப் பார்த்தாள். சோஃபி அதை ஒரு ஆறுதல் வார்த்தையாக எடுத்துக்கொண்டாள். இதற்கிடையில் அவர்கள் இங்கிலாந்துக்கே குடிபோகப் போவதாகச் செய்தி வந்தது. போவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒஸ்லோவின் ஓரத்தில் ரொம்சோஸில் உள்ள ஜும்மாய் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள்.

"பேரனைப் பிடிக்காத கிழவி எண்டு நினைச்சுக்கொண்டு அவள் போனால், பிள்ளையைத் திரும்ப ஆர் கூட்டிவரப் போகினம்?" என்றாள் ஜும்மாய்.

ஆகவே அவள் ஆங்கிலம் படிக்கத் தொடங்கினாள். சோஃபிக்கு நோர்வேஜிய மொழி கொஞ்சம்தான் வரும், ஜும்மாயின் நோர்வேஜியம் அந்தக் கொஞ்சத்துக்குள் அடங்காது. ரக்கியா எங்கோ தேடி, பேசும் பாடங்களைத் தாயின் தொலைபேசியில் இறக்கிக் கொடுத்தாள். ஒரு ஆண் குரல் ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொல்லும், ஒரு பெண் குரல் அதையே ஹவுஸாவில் சொல்லும். பாடங்கள் ஏராளம். வணக்கம் சொல்வது, சாமான் வாங்குவது, வழி கேட்பது. ஜும்மாய் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஒன்றே ஒன்றை எடுத்தாள். ஒன்று இன்னொன்றைப் போல இருக்கிறது என்று சொல்லும் பாடம்.

காரணம் வைத்திருந்தாள். குழந்தையைப் பார்த்தால் உலகத்தில் யாரும் முதலில் சொல்வது அது யாரைப் போல என்பதுதான். 'பிள்ளை தகப்பனைப் போல இருக்கிறான்.' இந்த ஒரு வசனம் போதும் என்றாள். அதில் மகனின் பெயர் இல்லை, கொஞ்சல் இல்லை, கூச்சத்துக்கு ஒரு குறையும் வராது. ஆனால் தகப்பனையும் பிள்ளையையும் அவள் எவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறாள் என்பது சோஃபிக்குத் தெரிந்துவிடும்.

தொலைபேசி சவர்க்காரத்தூள் தட்டில் இருந்து கத்தும். இந்த பஸ் அந்த பஸ்ஸைப் போன்றது. இந்த இரண்டு கோப்பைகளும் ஒரே மாதிரியானவை. அவளுடைய குரல் அவளுடைய தாயின் குரலைப் போன்றது. ஆண் குரல் சொல்லும், பெண் குரல் சொல்லும், பிறகு ஜும்மாய் சொல்லுவாள், நான் வாய்க்குள் சொல்லுவேன். சில வாரங்களில் எனக்கு இரண்டு மொழியும் ஒரே அளவில் வந்துவிட்டன. அதாவது, கழிப்பறை எங்கே என்று இரண்டிலும் கேட்கத் தெரியாது, இந்தக் கழிப்பறை அந்தக் கழிப்பறையைப் போன்றது என்று இரண்டிலும் சொல்லத் தெரியும். பள்ளிக்கூடத்தில் படிக்காத ஆங்கிலம் இந்த வயதில் வருகிறதே என்ற உற்சாகத்தில் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது, இந்தப் பிட்டு நேற்றையப் பிட்டைப் போன்றது என்று வீட்டுக்காரரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "அது நேற்றையப் பிட்டுத்தான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நான் மீன் ரோல்ஸ் செய்து எடுத்துக்கொண்டு தே-பானே ரயிலில் ரொம்சோஸுக்குப் போனேன். வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்புவது என் திட்டம். வாசல்கள்தான் எனக்குப் பிடித்த இடம். ஆனால் ஜும்மாய் என் கோட்டைக் கழற்றிக் கொண்டுபோய் எங்கோ மறைத்துவிட்டாள். வெளியே பனி, கோட்டு இல்லாமல் ஓட முடியாது.

கதவைத் திறந்தவன் மகன்தான். உயரமானவன், மரியாதையாகக் கை கொடுத்தான். நான் அர்ச்சனையை நினைத்துக்கொண்டு அவன் காலுறையைப் பார்த்தேன். சோஃபி சோபாவில் இருந்தாள், மெலிந்த முகம், நித்திரை இல்லாத கண். மடியில் கம்பளித் தொப்பியோடு குழந்தை.

சாப்பாடு நிலக்கடலைக் குழம்பும் சோறும் ஆட்டிறைச்சியும். ஜும்மாய் பரிமாறியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சோஃபிக்கும் எனக்கும் முகத்தைப் பார்த்து வைத்தாள். மகனின் சாப்பாட்டுக் கோப்பைக்கு வந்தபோது பார்வை சுவர் மணிக்கூட்டுக்குப் போனது. அதைப் பார்த்தபடியே சட்டிக்குள் அகப்பையை விட்டு, துழாவி, மிகப் பெரிய துண்டை எடுத்து அவன் கோப்பையில் வைத்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. சோஃபி அப்போது குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

சாப்பிட்டு முடிந்ததும் ஜும்மாய் எழுந்து நின்றாள். முக்காட்டை இழுத்துவிட்டாள். வசனம் வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது, என் உதடும் தானாக அசைந்தது. மகன் தாயை நிமிர்ந்து பார்த்தான். அவன் பார்த்ததுதான் பிழை. அவள் கண் மணிக்கூட்டுக்கு ஓடியது.

"திஸ் பஸ்" என்றாள் ஜும்மாய், "இஸ் சிமிலர் டு தாட் பஸ்."

யாரும் சிரிக்கவில்லை. மகன் பஸ் ஏதும் வருகிறதா என்று யன்னலால் எட்டிப் பார்த்தான். ஜும்மாய் கோப்பைகளை எடுக்கவும் மறந்து குசினிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். மகன், குழந்தையின் பையை எடுத்து வருகிறேன் என்று காருக்கு இறங்கிப் போனான்.

அறையில் சோஃபியும் நானும். கோட்டுகள் தொங்கும் மூலை எது என்று தேடினேன். சோஃபி மடியிலிருந்த குழந்தையைக் காட்டி, தனக்குத் தெரிந்த நோர்வேஜியத்தில் மெதுவாகக் கேட்டாள்.

"அவவுக்கு இவனைப் பிடிக்கேல்லையா?"

நான் பிறர் பேச்சில் வாய் வைத்ததே கிடையாது. என் சொந்தக் கல்யாணப் பேச்சில்கூட அடுத்த அறையில்தான் இருந்தேன். ஆனால் குசினியில் தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது, கழுவுகிற சத்தம் இல்லை. அவள் அதற்குள் அழுகிறாள் என்று தெரிந்தது. வாயைத் திறந்தேன். நோர்வேஜியம் வர வேண்டிய இடத்தில் அந்த ஆண் குரலின் ஆங்கிலம் வந்தது.

"ஷீ அண்ட் ஐ ஆர் த சேம்."

சோஃபி காத்திருந்தாள். என் வீட்டுக்காரரின் பெயரை நான் சொல்வதில்லை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலம், நோர்வேஜியம், கை எல்லாவற்றையும் போட்டுச் சொன்னேன். அவருடைய பெயர் என்ன என்று அவள் கேட்டாள். கேட்கத்தான் செய்வாள், வேறு என்ன கேட்பாள்? எங்கள் பெண்கள் இந்த இடத்தில் செய்வதை நானும் செய்தேன். பெயருக்குப் பதிலாகப் பொருளைக் காட்டினேன். அந்தப் பெயரின் முன்பாதிக்கு வெளிச்சம் என்று அர்த்தம். மேசைக்கு மேலே தொங்கிய விளக்கைக் காட்டி, இது போல என்றேன்.

"லாம்ப்? உன்ரை கணவர் லாம்ப்?"

தலையாட்டினேன். அவள் சிரித்தாள், பிறகு என் முகம் சிவந்திருப்பதைப் பார்த்து நிறுத்தினாள். இதைச் சொல்லவே இந்த வயதில் ஒருத்தி இப்படி வியர்க்கிறாளே என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். நான் மேசையைக் காட்டினேன். அவளுடைய கோப்பையில் இரண்டு சின்ன எலும்பு. மகனுடைய கோப்பையில் கையளவு பருமனில் ஒரு எலும்பு.

"நொட் த சேம்" என்றேன்.

அவள் ஒரு கோப்பையைப் பார்த்தாள், மற்றதைப் பார்த்தாள். பிறகு குசினிக் கதவைப் பார்த்தாள். எழுந்து போய், தண்ணீர்க் குழாயின் முன் நின்ற ஜும்மாயின் கையில் குழந்தையை வைத்தாள். ஜும்மாய் முகத்தை அலுமாரிப் பக்கம் திருப்பிக்கொண்டு மரம் மாதிரி நின்றாள். நான் சோஃபியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். முன்பின் தெரியாத ஒருத்தியை இழுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். இதை வீட்டில் சொன்னபோது இன்றுவரை ஒருவரும் நம்பவில்லை.

குளிர். எனக்குக் கோட்டும் இல்லை. இருவரும் முதுகைக் காட்டி நின்று எதிர்க் கட்டடத்தைப் பார்த்தோம். குசினி யன்னல் சற்றுத் திறந்திருந்தது. தண்ணீர் நின்றது. பிறகு ஜும்மாயின் குரல் வந்தது, நான் இத்தனை வருடத்தில் கேட்டிராத ஒரு குரல், வேகமாக, பாட்டு மாதிரி. நடுவில் ஒரு வசனம் திரும்பத் திரும்ப வந்தது. யானா கமா தா பாபன்ஸா.

என்ன சொல்கிறா என்று சோஃபி மெதுவாகக் கேட்டாள். எனக்குத் தெரிந்த ஹவுஸா அவ்வளவுதான், ஆங்கிலமும் அவ்வளவுதான், இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தின.

"ஹீ லுக்ஸ் லைக் ஹிஸ் ஃபாதர்" என்றேன்.

அவள் திரும்பிப் பார்க்கப் போனாள். கன்னத்தில் கை வைத்து முகத்தை முன்பக்கம் திருப்பிவிட்டேன். பார்க்கக் கூடாது, பார்த்தால் நிறுத்திவிடுவாள் என்று விளங்கப்படுத்தினேன். அவள் நல்ல பிள்ளை, பார்க்கவில்லை. நான் பல்கனிக் கதவுக் கண்ணாடியில் விழுந்த நிழலைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டேன். பழக்கம் விடாது.

மகன் பையோடு வந்தபோது குழந்தை சோபாவில் கிடந்தான், ஜும்மாய் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றுமே நடக்காத வீடு. சோஃபி பையைத் திறந்து பார்த்தாள். துடைக்கிற துணி காரில் கிடக்கிறது என்று அவனைத் திரும்ப அனுப்பினாள். பைக்குள் அந்தத் துணி மேலேயே இருந்ததை நான் கண்டேன். அவன் கதவைச் சாத்தியதும் குழந்தையைத் தூக்கி ஜும்மாயிடம் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்துப் பல்கனியைக் காட்டினாள். அன்று பின்னேரம் அந்தப் பையன் படி ஏறி இறங்கியே களைத்துப்போனான்.

இப்போது அவர்கள் பிரிஸ்டலில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சோஃபி தொலைபேசியைக் குழந்தைக்கு முன்னால் நிறுத்தி வைத்துவிட்டு, கணவனைக் கூட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான். கோடைக்கு ஜும்மாய் அங்கே போகிறாள், வழி கேட்கும் பாடம் இப்போது சவர்க்காரத்தூள் தட்டில் இருந்து கத்துகிறது. அந்த ஆளின் பெயர் எனக்குத் தெரியும், ஜும்மாய்க்காக எழுதாமல் விடுகிறேன். அவள் இன்னும் அதைச் சொல்லவில்லை. நானும் என் வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லவில்லை. மிஸ்டர் லாம்ப் சுகமா என்று சோஃபி ஒவ்வொரு முறையும் ஜும்மாயிடம் கேட்கிறாளாம். அவருக்கு அது தெரியாது.